நண்பகல் வெயிலில் தெரியும் எழுத்து

பொன்னேரியிலிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, நெல்வயல்களுக்கு நடுவே சென்று, பழைய சிவாலயத்தை உடைய திருப்பாலைவனத்தைத் தாண்டி, கடைசியில் பழவேற்காட்டில் போய் நிற்கிற சாலையில் பயணம் செய்பவர்கள், சில மைல் தூரத்துக்குள்ளேயே மண்ணை நம்பி வாழும் ஜனங்களிடமிருந்து நீரை நம்பி வாழும் ஜனங்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி; மறுபக்கம் வங்காள விரிகுடா; இரண்டுக்கும் நடுவில் மணல் திட்டுகளின் மேலும் ஏரிக் கரையின் மேலுமாகக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கன்குப்பம் என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். இந்தக் கரையில் நிழல் என்பது அபூர்வமான பொருள். காலையில் கடலுக்குப் போகிறவனுக்கு முகத்தெதிரே சூரியன். நடுப்பகலில் தலைக்கு மேலும் நீரின் பரப்பிலுமாக இரண்டு சூரியன்கள்.

கணினித் திரை, தொலைக்காட்சித் திரை, கைப்பேசித் திரை ஆகியவற்றின் சரித்திரத்தை எழுதியவர்கள் யாவரும் ஜெர்மனியின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, அமெரிக்கத் தொழிற்சாலை வழியாக ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் வந்து முடிப்பது வழக்கம். அந்த வரலாற்றில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அது முழுவதும் அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பவனின் வரலாறு. திரை பெரிதாக வேண்டும், மெலிதாக வேண்டும், வர்ணங்கள் செழிக்க வேண்டும் என்று அறைக்குள் இருந்தவன் கேட்டான். அவை யாவும் அவனுக்குக் கிடைத்தன. திறந்த வெளியில், உப்புக் காற்றில், ஈரக் கையோடு படகில் நிற்பவன் கேட்டது ஒன்றே ஒன்று: எழுதியிருப்பது வெயிலில் தெரிய வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு விஞ்ஞானம் செவிசாய்க்க எத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்த்தால், அதே சரித்திரம் வேறொரு கிரமத்தில் விரிகிறது.

இந்த ஊரின் மிகப் பழைய திரைகளுள் ஒன்று சூரியனுக்குப் பகையாக இருக்கவில்லை, சூரியனாலேயே இயங்கியது. பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரத்தை அறிவதற்காக அமைக்கப்பட்ட நிழல் கடிகாரத்தைத்தான் குறிப்பிடுகிறேன். கோடுகள் வரைந்த பீடத்தின் மேல் விழுகிற நிழலே அதன் முள். வெயில் எவ்வளவு கடுமையாக அடிக்கிறதோ, அவ்வளவு தெளிவாக அது படிக்கப்படும். மேகம் மூடினால் ஊமையாகிவிடும். நம் காலத்துப் பொறியாளர்கள் பல கோடி செலவிட்டுத் தேடி அலைந்த தத்துவம் ஒன்று, அதாவது வெளிச்சத்தோடு போராடாமல் வெளிச்சத்தையே கடனாக வாங்கிக்கொண்டு பேசுவது என்ற தத்துவம், அந்த எளிய கருவியில் முழுமையாக இருக்கிறது. அதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

அடுத்து வந்தது இரவுக்கான சாதனம். பழவேற்காட்டுக்கு அருகிலும், அதற்கு வடக்கே ஆர்மகான் என்று மாலுமிகள் அழைத்த துகராஜபட்டினத்துக்கு எதிரிலும் உள்ள கடலடி மணல் மேடுகள் கப்பல்களுக்கு நெடுநாள் அச்சமாக இருந்தன. டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதையே தலைமை இடமாக வைத்திருந்த காலத்திலும் அந்த அச்சம் இருக்கத்தான் செய்தது. கலங்கரை விளக்கம் வந்ததோ, அவர்கள் போய், ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்த பிற்பாடு, 1859ஆம் ஆண்டில். சென்னையில் அதற்கு முன்பே, 1796ல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்குகளை ஏற்றிவைத்து அந்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பழவேற்காட்டு விளக்கம் அந்நியக் கப்பல்களுக்காக நிறுத்தப்பட்டதே தவிர, கட்டுமரக்காரர்களுக்காக அல்ல. ஆயினும் அதை உள்ளபடியே தமதாக்கிக்கொண்டவர்கள் கட்டுமரக்காரர்களே. ஒரு குப்பத்துக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது.

கலங்கரை விளக்கம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லும்: இங்கே இருக்கிறேன். பல வார்த்தைகளைச் சொல்லக்கூடிய முதல் பலகை புயல் கூண்டு. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கி ஹூக்ளி நதியில் கப்பல்களையும் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களையும் வாரிக்கொண்டு போனதன் விளைவாக, மறு ஆண்டே அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875ல் இந்திய வானிலைத் துறை தோன்றிய பிறகு அது படிப்படியாக மற்றத் துறைமுகங்களுக்கும் பரவிற்று. பிரம்புக் கூடையைப் போன்ற கூம்புகளையும் உருளைகளையும் கம்பத்தில் ஏற்றிப் பகலில் காட்டுவார்கள். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். இந்த ஏற்பாட்டை அமைத்தவர்களின் நுண்ணறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். கடற்கரையில், பிரகாசமான ஆகாயத்தின் முன்னிலையில், தொலைவில் உள்ள பொருளின் வர்ணம் தெரியாது. உருவம் மட்டுமே கறுப்பாகத் தெரியும். ஆகவே பகலுக்கு உருவத்தையும், இருளுக்கு வர்ணத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். பகலும் இரவும் கண்ணுக்கு இரண்டு வேறு உலகங்கள் என்பதை ஒப்புக்கொண்டு அமைக்கப்பட்ட காட்சிச் சாதனம் அது.

ஒன்று முதல் பதினொன்று வரையில் அந்தக் கூண்டுகளுக்கு எண்கள் உண்டு. ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவாகிற காற்றழுத்தத்தையும் புயலையும் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரக்கூடிய கேட்டைச் சொல்லும். அதற்கு மேல் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதும், அபாயம் எவ்வளவு பெரியது என்பதும் எண்ணிலேயே அடங்கிவிடும். பத்தாம் எண் ஏறிவிட்டால், மகா புயல் துறைமுகத்தின் மேலேயே வருகிறது என்று பொருள். இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்வது பதினொன்றாம் எண். வானிலை அலுவலகத்தோடு உள்ள செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் கருத்து. தனக்குச் செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக, எல்லோரும் காணும்படி கம்பத்தில் ஏற்றிவைக்கிற நேர்மை பின்னால் வந்த திரைகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை. தொடர்பு அறுந்த கைப்பேசித் திரை முந்தைய நாளின் காற்று நிலையை இன்றையது என்பது போலவே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் கூண்டு ஏறுவது சென்னைத் துறைமுகத்தில். எண்ணூர்த் துறைமுகம் 2001லும், காட்டுப்பள்ளி அதற்கும் பின்னாலும்தான் வந்தன. பழவேற்காட்டுக் கரையில் நிற்பவன் கண்ணுக்குச் சென்னைக் கம்பம் தெரிய வழியில்லை. ஆகவே இங்கே அந்தச் சித்திரம் சொல்லாக மாறியே வந்து சேர்ந்தது: மீன் விற்றுத் திரும்பியவர் வாயிலாக வந்தது, 1938ல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிய பிறகு பஞ்சாயத்து ரேடியோ வாயிலாக வந்தது. “மூணாம் நம்பர் ஏத்திட்டாங்களாம்” என்று ஒருவர் சொன்னால் போதும். அதன் முழு அர்த்தமும் கேட்டவருக்கு விளங்கிவிடும். படகுக்காரர் தம் கண்ணால் முன்பே கண்டிருந்த குறிகளோடு, அதாவது கச்சான் காற்றின் போக்கு, தெற்கிலிருந்து இழுக்கிற தெண்டி நீரோட்டம், வடக்கிலிருந்து இறங்குகிற வண்ணி, தண்ணீரின் கலங்கல் ஆகியவற்றோடு அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார். வானமும் நீருமே அவருடைய பெரிய பலகை. கூண்டு அதன் ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பு.

தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைக்கு வந்தது. பழவேற்காடு சென்னைக் கோபுரத்தின் அலைகள் எட்டக்கூடிய தூரத்தில் இருந்ததால், நம் நாட்டின் பெரும்பாலான கடற்கரைக் கிராமங்களுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் ஆன்டெனாக் கம்பங்கள் எழ வாய்ப்பு ஏற்பட்டது. சென்னையிலேயே சாலிடேர், டயனோரா என்ற பெயர்களில் பெட்டிகள் தயாராயின. அவற்றின் உயிர்நிலை பிக்சர் டியூப். ஃபெர்டினாண்டு பிரௌன் என்ற ஜெர்மானியர் 1897ல் செய்த குழாயின் வாரிசு அது: காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து, உட்புறத்தில் பூசிய பாஸ்பரின் மேல் மோதி ஒளி உண்டாக்குகிறது, காந்தப்புலம் அந்தக் கற்றையை வரிவரியாக இழுத்துச் சென்று சித்திரம் எழுதுகிறது. அதற்குப் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் தேவை. மெக்கானிக்குகள் ஈ.ஹெச்.டி. என்று சொல்லும் அந்த உயரழுத்தப் பகுதிக்கு உப்பு படிந்த ஈரக் காற்றைப் போன்ற சத்துரு வேறில்லை. காப்பின் மேல் உப்புப் படலம் படிந்துவிட்டால் மின்சாரம் பொறியாகக் கசியும், பெட்டி ‘சிர்’ரென்று சத்தமிடும், ஒரு நாள் அடங்கிவிடும். கடலோரத்துப் பெட்டிகளின் ஆயுள் குறைவாக இருந்ததற்குக் கடலே காரணம்.

வெயிலிலும் அதற்குத் தொல்லை. பாஸ்பர் பூச்சு வெளிர் நிறமானது. வெளி வெளிச்சம் பட்டால் திரை முழுவதும் சாம்பல் பூத்து, சித்திரத்தின் கறுப்புப் பகுதியும் வெளுத்துப் போகும். ஆகவேதான் தொலைக்காட்சி கூடத்துக்கும் இரவுக்கும் உரிய பொருளாயிற்று. 1983ல் இன்சாட்-1பி விண்வெளிக்குச் சென்ற பிறகு மேகங்களின் படத்தை இரவுச் செய்திகளில் கண்டு, புயலை அதன் உருவத்திலேயே அறிகிற அனுபவம் கடலோர ஜனங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. ஆயினும் 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிக் கரை கடந்த கடும் புயலின் காலத்தில், வட தமிழகக் கரைக்கும் தென் ஆந்திரக் கரைக்கும் அரசாங்கம் கொண்டுவரத் தொடங்கிய துணைக்கோள் எச்சரிக்கைக் கருவிக்குத் திரையே கிடையாது. அது சங்கு ஊதும், பிறகு பேசும். இடத்தின் இயல்பை அறிந்து செய்த காரியம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வீடு திரை புகுந்தது 2006க்குப் பிறகு. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ், சில ஆண்டுகளுக்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதினான்கு அங்குலப் பெட்டிகள் மாநிலமெங்கும் போய்ச் சேர்ந்தன. உலகம் அப்போது பிக்சர் டியூபைக் கைவிட்டுத் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் கடைசிப் பெரும் படையெடுப்புகளுள் ஒன்று நம் கிராமங்களின் மேல் நடந்தது என்று சொல்லலாம். மறு ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் நிறுவனம் தொழிற்சாலை திறந்து, தட்டைத் திரைகளும் தமிழ்நாட்டிலேயே உருவாகத் தொடங்கின. 2011 செப்டம்பரில் அடுத்த அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில். கணினித் திரை கடலோரத்து வீடுகளுக்குள் பெருமளவில் வந்தது அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பைகளில்தான்.

இதற்கிடையில் ஏரிக்கு அக்கரையில் வேறொரு சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. பழவேற்காட்டு ஏரியையும் கடலையும் பிரிக்கிற ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் 1971ல் சிறிய ஆய்வு ராக்கெட்டுகளும், 1979, 1980ஆம் ஆண்டுகளில் எஸ்.எல்.வி.-3ம் கிளம்பின. நாடு முழுவதும் திரையில் காணும் அந்தக் காட்சியை இந்தக் குப்பத்து மக்கள் கண்ணாலேயே காண்கிறார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோதும் அப்படியே. அந்தக் காட்சிக்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்டு: ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று எச்சரிக்கை வரும், அன்றைய மீன்பாடு இல்லை. ஆனால் அங்கிருந்து போன சில துணைக்கோள்கள் கடலைப் பார்ப்பதற்கென்றே போனவை. 1999 மே மாதத்தில் ஓசன்சாட்-1, 2009 செப்டம்பரில் ஓசன்சாட்-2, 2022 நவம்பரில் ஓசன்சாட்-3 ஆகிய மூன்றும் இத்தீவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளில் ஏறிச் சென்று, கடல் நீரின் நிறத்தை மேலிருந்து அளக்கும் பணியை மேற்கொண்டன. நீரில் பச்சையம் எங்கே மிகுந்திருக்கிறதோ அங்கே நுண்பாசி மிகும். நுண்பாசி உள்ள இடத்தில் அதைத் தின்னும் சிற்றுயிரும், அதைத் தின்னும் மீனும் கூடும். நீரின் வெப்பநிலையையும் இத்துடன் சேர்த்துக் கணக்கிட்டு, மீன் கூடக்கூடிய இடங்களை ஹைதராபாத்தில் 1999ல் ஏற்பட்ட இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் நிலையம் அறிவிக்கிறது. படகில் நின்றபடி நீரின் கலங்கலைக் கண்டு பாட்டனார் செய்த ஊகத்தையே, அதே நிறத்தைக் கொண்டு, பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து செய்கிறார்கள். இந்த ஒற்றுமை எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

அந்த அறிவிப்பைக் கரையில் எழுதிக் காட்டுவதற்காக மீன்பிடித் துறைமுகங்களில் மின்னணுப் பலகைகள் நிறுத்தப்பட்டன. கறுப்புப் பரப்பில் எல்.இ.டி. புள்ளிகளால் எழுத்து ஓடும் அப்பலகைகளில் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை ஆழத்தில் மீன் கூடும் என்பதும், அலையின் உயரமும், காற்றின் வேகமும் அந்தந்த வட்டார மொழியில் வந்தன. எல்.இ.டி.யின் கதை சுருக்கமானது. சிவப்பு ஒளி தரும் குறைகடத்தி 1962ல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக்கால் செய்யப்பட்டது. நீலம் முப்பது ஆண்டு பிடிவாதமாக மறுத்து, 1993ல் ஜப்பானில் ஷுஜி நாகமுராவின் கையில் பிரகாசமாக வசப்பட்டது. அதற்காக அவருக்கும் அகசாகி, அமானோ ஆகிய இருவருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. கடற்கரைக்கு முக்கியமானது வேறு: ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்காக இருப்பதனாலும், பின்னணி கறுப்பாக இருப்பதனாலும், அந்தப் பலகை நண்பகலிலும் ஓரளவு படிக்கக் கிடைத்தது. பிக்சர் டியூப் தோற்ற இடத்தில் அது நின்றது.

ஆனால் பலகை துறைமுகத்தில் இருக்கிறது. குப்பத்துக்காரன் துறைமுகத்திலிருந்து புறப்படுவதில்லை, வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள மணலிலிருந்து புறப்படுகிறான். இந்த இடைவெளியை நிரப்பிய முயற்சி ஒன்று தெற்கே புதுச்சேரியில் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் அங்கே கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தபோது, வீராம்பட்டினத்தில் ஒரு கணினி வைக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை அதன் திரையில் கண்டு, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் ஊர் முழுவதற்கும் படித்தார்கள். திரையைப் பார்த்தவர் ஒருவர். கேட்டவர்கள் ஆயிரம் பேர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்த ஏற்பாட்டின் பெருமை விளங்கிற்று. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் பேச, அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்க, ஜனங்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அந்தக் கிராமத்தில் உயிர்கள் தப்பின. பழவேற்காட்டுக் கரையையும் அதே அலை தாக்கியது. அங்கே முன்கூட்டிச் சொல்வார் இல்லை. தேசிய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இன்காய்ஸில் ஏற்பட்டது 2007 அக்டோபரில்.

இனி, கையிலே வந்து சேர்ந்த திரையைப் பற்றி. இதன் வேர் திரவப் படிகம் என்னும் விசித்திரமான பொருளில் இருக்கிறது. 1888ல் ஃபிரிட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவர இயல் அறிஞர் கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகுவதைக் கண்டார்: முதலில் கலங்கிய திரவம், பிறகு தெளிந்த திரவம். அந்தக் கலங்கிய நிலையில் மூலக்கூறுகள் திரவத்தைப் போல ஓடிக்கொண்டே படிகத்தைப் போல ஒரே திசையில் ஒழுங்காக நிற்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் அவை திரும்பும். திரும்பினால் ஒளியை விடவோ மறைக்கவோ செய்யும். இந்தக் குணத்தைக் கொண்டு முதல் திரை ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் 1968ல் காட்டப்பட்டது. மூலக்கூறுகளை முறுக்கி அடுக்கிய அமைப்பு 1970களின் தொடக்கத்தில் வந்தது.

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவரின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. சர் சி. வி. ராமனின் சகோதரி மகனாகிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977ல், அதுவரையில் குச்சி வடிவ மூலக்கூறுகளுக்கே உரியது என்று கருதப்பட்ட திரவப் படிக நிலை, தட்டு வடிவ மூலக்கூறுகளுக்கும் உண்டு என்று தம் சகாக்கள் இருவருடன் சேர்ந்து நிரூபித்தார். அதை வெளியிட்டது ‘பிரமாணா’ என்ற நம் நாட்டுப் பத்திரிகை. அக்காலத்தில் அதற்கு உபயோகம் என்ன என்று யாரும் அறியவில்லை. முறுக்கிய அமைப்புள்ள திரைகளுக்கு ஒரு தீராத வியாதி இருந்தது: நேரே பார்த்தால் தெரியும், சாய்ந்து பார்த்தால் வெளுக்கும், சில கோணங்களில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும். 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலமொன்றைச் செய்து திரையின்மேல் ஒட்டியது. பார்க்கும் கோணம் விரிந்தது. உலகமெங்கும் மேசைக் கணினித் திரைகளில் அந்தப் படலம் புகுந்தது. ஒரு கைப்பேசியைச் சுற்றி நாலு பேர் குனிந்து பார்க்கிற படகில், ஆளுக்கொரு கோணத்தில் நிற்பவர்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டும் என்பது எவ்வளவு அவசியம் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கண்டுபிடிப்பின் அருமை புலப்படும்.

கோணம் தீர்ந்தது, வெயில் தீரவில்லை. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நலம். உச்சி வெயிலில் ஒரு பரப்பின் மேல் விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அந்த வெயிலில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், பிரகாசத்தை அளக்கும் நிட் என்ற அலகில் அது சுமார் 25,000 முதல் 30,000 வரையில் பிரகாசிக்கும். சாதாரண மடிக்கணினித் திரை தன் முழு வலிமையையும் காட்டினாலும் 300 நிட் சுமாருக்கு மேல் போவதில்லை. தாளில் நூறில் ஒரு பங்கு. அதுவும், பின்னால் எரியும் விளக்கின் ஒளியில் பெரும்பகுதி வடிகட்டிகளிலும் வர்ணக் கண்ணாடிகளிலும் அழிந்து, பத்தில் ஒரு பங்குகூட வெளியே வந்து சேராத பரிதாபம் வேறு. மேற்பரப்புக் கண்ணாடி திருப்பியனுப்பும் ஆகாயத்தின் பிம்பமே அந்த ஒளியை மூழ்கடித்துவிடுகிறது. கைப்பேசியை லுங்கியின் மறைவிலோ, படகின் அணியத்து நிழலிலோ கொண்டுபோய்ப் பார்ப்பதன் காரணம் இதுவே. முன்பே படகுகளுக்கு வந்துவிட்ட கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளின் மங்கிய சாம்பல் நிறத் திரை, கடையில் அழகற்றதாகத் தெரிந்தாலும், கடலில் வெற்றி பெற்றது. அது வெளிச்சத்தைப் பின்னாலிருக்கும் பிரதிபலிப்பானில் வாங்கித் திருப்பியனுப்பிற்று. வெயில் ஏற ஏறத் தெளிந்தது. பள்ளிவாசலின் நிழல் கடிகாரத்துக்கு அது நெருங்கிய உறவு.

2007ல், ஏழைக் குழந்தைகளுக்கான மலிவு மடிக்கணினி என்ற இலட்சியத்தோடு அமெரிக்காவில் செய்யப்பட்ட இயந்திரத்துக்கு மேரி லூ ஜெப்சன் அமைத்த திரையும் இந்த வழியைப் பின்பற்றியது: அறைக்குள் வர்ணம், வெயிலில் கறுப்பு வெள்ளை. பெருஞ்சந்தை அதை ஆதரிக்கவில்லை. வர்ணத்தின் மோகம் வென்றது. அதே ஆண்டில் கிண்டில் என்னும் புத்தகக் கருவியின் மூலம் மின்தாள் புகழ் பெற்றது. அதில் விளக்கே இல்லை. நுண்ணிய உறைகளுக்குள் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்னழுத்தத்தால் வேண்டியவை மேலே வருகின்றன. வந்தபின் மின்சாரமே இல்லாமல் அங்கேயே நிற்கின்றன. அந்த வெள்ளைத் துகள் டைட்டானியம் ஆக்சைடு. அதன் தாதுவாகிய இல்மனைட்டு நம் மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் கிடைக்கிறது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்றைய விஞ்ஞானம் இரண்டு திசைகளில் ஓடுகிறது. ஒன்று, சூரியனோடு நேருக்கு நேர் போட்டியிடுவது. கோடாக் நிறுவனத்தில் 1987ல் சிங் டாங்கும் வான் ஸ்லைக்கும் கரிமச் சேர்மங்களிலிருந்து ஒளியைப் பிறப்பித்த ஓலெட் வகைத் திரைகள், இப்போது விலையுயர்ந்த கைப்பேசிகளில் வெயிலின்போது 2,000 நிட்டையும் தாண்டுகின்றன. ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளைப் பின்னால் வைத்த மினி எல்.இ.டி., 2023ல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் கண்ணுக்குத் தெரியாத எல்.இ.டி.யாகச் செய்ய முயலும் மைக்ரோ எல்.இ.டி. எல்லாம் அந்தத் திசையின் பயணிகள். மின்கலம் வேகமாகத் தீரும், கருவி சூடேறும், சூடு மிகுந்தால் திரை தானாகவே மங்கிக்கொள்ளும். கடலுக்குள் போனவனுக்கு மின்கலமே கரைக்குத் திரும்பும் வழி. மற்றொன்று, சூரியனிடம் கடன் வாங்குவது: வர்ணம் பெறத் தொடங்கியிருக்கும் மின்தாள், பிரதிபலிக்கும் திரவப் படிகம். அறைக்குள் இருப்பவர்கள் முதல் வழிக்கே பணம் கொடுக்கிறார்கள். ஆகவே பணமும் புத்தியும் அங்கே போகின்றன. கடற்கரை ஜனங்களுக்கு உகந்தது இரண்டாவது வழி என்பதே என் அபிப்பிராயம்.

2019 அக்டோபர் 9ஆம் நாள் அரசாங்கம் வெளியிட்ட ஜெமினி என்னும் கருவி இன்னொரு யோசனையைக் கொண்டது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. அங்கே இன்காய்ஸின் செய்தியை ககன் என்னும் துணைக்கோள் வழிகாட்டு முறையின் வழியாக அந்தச் சிறு பெட்டி பிடித்து, மீனவரின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. செய்தியைப் படிப்பது கைப்பேசியின் திரையில். விலையைக் குறைக்க நல்ல உபாயம். ஆனால் செய்தி வானத்திலிருந்து பிழையின்றி வந்து, கடைசி ஒரு முழத்தில், வெயில்பட்ட கண்ணாடியில் வந்து தடுக்கிக்கொள்கிறது.

திரையில் வருவதை யார் முந்திப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வியும் இந்த ஏரிக்கரையில் எழாமல் இராது. இங்கே பாடு என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் துறைகளை யார் எந்த நாளில் வலையிட்டுப் பயன்படுத்துவது என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவற்றின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏனைய சமூகத்தாரின் குறை அதில் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நல்ல இடம் இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, அதை நோக்கி எல்லோரும் ஒரே நேரத்தில் பாயாதபடி காக்கிற ஏற்பாடு அது. மின்னணுப் பலகையோ நல்ல இடத்தை எல்லோருக்கும் ஒரே கணத்தில் அறிவிக்கிறது, முறை வைப்பதில்லை. சென்னைக் காசிமேட்டு விசைப்படகு அங்கே முதலில் போய்ச் சேரும். அத்தனை தூரம் டீசலுக்குக் கட்டுபடியாகாத கூனங்குப்பத்து பைபர் படகுக்கு அந்தச் செய்தி வெறும் செய்தியாகவே நின்றுவிடும். செய்தியைக் காட்டும் கருவியைச் செய்தவர்கள் பாடு முறையைச் செய்தவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால், சிறு படகுகள் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் இருக்கும் இடங்களை முதலில் எழுதும் வழக்கமாவது ஏற்பட்டிருக்கும்.

மின்தாளில், பெரிய தமிழ் எழுத்தில், சிறிய சூரியத் தகட்டின் மின்சாரத்தில் ஆண்டு முழுவதும் நிற்கக்கூடிய பலகை இன்று செய்ய இயலாத பொருள் அல்ல. வெளிநாட்டு நகரங்களில் பேருந்து நிறுத்தங்களிலேயே அத்தகையவை நிற்கின்றன. அலையின் உயரம், காற்று, நீரோட்டம், துறைமுகத்தில் ஏறியிருக்கும் கூண்டின் எண், செய்தி வந்த நேரம், செய்தி வரவில்லையானால் வரவில்லை என்ற பதினொன்றாம் எண்: இவ்வளவு எழுதினால் போதும். உப்பு புகாத உறையில் அதை அடைத்து, குப்பத்துக்கு ஒன்றாக, படகுகள் தள்ளப்படும் இடத்தில், வடக்கு நோக்கி அல்ல, வெயில் நன்றாக விழும்படி தெற்கு நோக்கி நிறுத்த வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் திரைகளைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அண்டை மாவட்டம். துணைக்கோளை அனுப்பும் தீவு கண்ணுக்கெதிரே இருக்கிறது. தட்டுப் படிகத்தைக் கண்டவரின் ஆய்வுக்கூடம் பெங்களூரில். வேண்டிய கைகள் யாவும் ஒரு நாள் பயண தூரத்துக்குள் இருக்கையில், இந்தப் பலகையை லைட்ஹவுஸ் குப்பத்தில் முதலில் நிறுத்தும்படி மீன்வளத் துறையையும் இன்காய்ஸையும் கேட்டுக்கொள்கிறேன்.